நாலரை இஞ்ச் சுவர்

எங்கள் வீடு பாதி வீடு. மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் சாலையில் ஒரு தெருவுக்குள் திரும்பினால், ஒரே தளத்தின் கீழ், நடுவில் ஒரே சுவரை வைத்துக்கொண்டு இரண்டு வீடுகள் ஒட்டி நிற்கும். இடப்பக்கம் நானும் என் கணவரும். வலப்பக்கம் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், அவ்வளவுதான். ஆனால் கூடப் பிறந்தவர்களோடு பேசியதைவிட அவளோடுதான் நான் அதிகம் பேசியிருக்கிறேன், சண்டையும் போட்டிருக்கிறேன்.

என் கணவரும் அக்காவின் கணவரும் ரயில்வேயில் ஒரே ஆபீசில் பக்கத்துப் பக்கத்து மேசை. தனித்தனியாக மனை வாங்க இருவருக்கும் வசதி போதவில்லை. சேர்ந்து ஒன்றை வாங்கி, நடுவில் கயிறு கட்டிப் பிரித்துக்கொண்டார்கள். தளம் போட்டதுகூட ஒரே நாளில்தான். அன்றைக்கு வேலையாட்களுக்கு அக்கா சாம்பார் சாதம் செய்தாள், நான் கேசரி கிண்டினேன், இரண்டு ஆண்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழை வருமா என்று வானத்தைப் பார்த்தபடி நின்றார்கள். அக்காவின் கணவர் இப்போது இல்லை. மகன் கல்யாணமாகிக் கூடுவாஞ்சேரியில் வாடகைக்கு இருந்தான். அக்கா அந்தப் பக்கம் தனியாக இருந்தாள்.

வீடு கட்டிய புதிதில் தெருவிலிருந்து படி ஏறி உள்ளே வருவோம். பிறகு ரோடு போட வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் பழையதைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே புதியதைப் போட்டார்கள். இப்போது தெருவிலிருந்து படி இறங்கி உள்ளே வருகிறோம். நாங்கள் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறோம், தெருதான் எங்களைத் தாண்டி மேலே போய்விட்டது. மழை பெய்தால் தெருத் தண்ணீருக்கு எங்கள் கூடம்தான் மாமியார் வீடு, கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எனக்குக் கண் பார்வை போய்விட்டது. சர்க்கரை வியாதி. ஒரு நடுநிலைப் பள்ளியில் பல வருடம் அறிவியல் பாடம் எடுத்தவள். விழித்திரைப் படத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். அந்த விழித்திரைதான் என்னைக் கைவிட்டது. இப்போது எனக்கு வெளிச்சம் தெரியும், ஜன்னல் இருக்கும் இடம் தெரியும், ஜன்னலில் நிற்பது யார் என்று தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்லப் போன்தான் எழுதிக்கொள்கிறது. அது செய்யும் தப்புகளை என் கணவர் திருத்துகிறார், சில இடங்களில் தனக்குச் சாதகமாகவும் திருத்துகிறார் என்று எனக்குச் சந்தேகம்.

வெளியே போனால் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போகிற ஆள். வீட்டுக்குள் எனக்கு யார் கையும் வேண்டாம். காரணம் அந்த நடுச்சுவர். வாசலிலிருந்து கூடம், கூடத்திலிருந்து குறுகலான ஒரு நடை, அதில் குளியலறையும் படுக்கையறையும், கடைசியில் சமையலறை என்று வீட்டின் நீளம் முழுக்க அது ஓடுகிறது. வலது கையை அதன்மேல் வைத்துவிட்டால் போதும். காலண்டர் ஆணி வந்தால் கூடம் முடிகிறது. ஓதம் பிடித்து அப்பளம் மாதிரி உப்பிய இடம் வந்தால் எதிரே குளியலறைக் கதவு. கை வெதுவெதுப்பாக உணர்ந்தால் சமையலறைக்கு வந்துவிட்டேன் என்று பொருள். அந்த இடத்துக்கு நேர் பின்னால்தான் அக்காவின் அடுப்பு. அவள் காலையில் உலை வைத்தால் என் பக்கத்துச் சுவருக்குச் சூடு வரும். அந்தச் சூட்டில் கையை வைத்துக்கொண்டே நான் காபி போட்டுவிடுவேன்.

நடுச்சுவரில் ஆணி அடிப்பதில்லை என்பது இரண்டு வீட்டு வழக்கம். அடித்தே தீரவேண்டுமென்றால் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு, அவர்கள் அலமாரியிலிருந்து டம்ளர்களை எடுத்துக் கீழே வைக்க நேரம் கொடுத்து, அப்புறம்தான் சுத்தியலைத் தொடுவோம். இங்கே அடித்தால் அங்கே டம்ளர் ஏன் விழவேண்டும்? இங்கே சுடுவதற்கு அங்கே அடுப்பெரிந்தால் எப்படிப் போதும்? வெப்பம் கடத்தல், அதிர்வு என்று பிள்ளைகளுக்கு வருடம் தவறாமல் பாடம் நடத்தியவள் நான். என் வீட்டுச் சுவரைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை.

கண் போன பிறகு இன்னொரு வழக்கமும் சேர்ந்தது. அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். நான் வீட்டில் தனியாக இருப்பேன். காலையில் அக்கா அடுப்படிக்கு வந்ததும் கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டுவாள். நான் பதிலுக்குத் தட்டவேண்டும். தட்டாவிட்டால் ஈரக் கையோடு பின்கட்டு வழியாக ஓடி வந்துவிடுவாள். அவர் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகும் தட்டுவது நிற்கவில்லை. "ரெண்டு பேரும் தந்தி ஆபீஸ் நடத்துறீங்களா?" என்பார் அவர். பொறாமை.

அந்தப் பெருமழை வருடத்தில் கூடத்துக்குள் வந்த தண்ணீர் கட்டிலைத் தொட்டபோது, நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேசைமேல் உட்கார்ந்திருந்தோம். அக்கா அந்தப் பக்கம் தன் கட்டில்மேல் ஸ்டூல் போட்டு அதன்மேல் தனியாக உட்கார்ந்திருந்தாள். கரண்ட் இல்லை, போன் இல்லை. படகோடு ஆட்கள் வரும்வரை அவள் தட்டிக்கொண்டே இருந்தாள், நானும் தட்டிக்கொண்டே இருந்தேன். என் விரல் முட்டிகள் வீங்கிப்போயின.

இத்தனையும் சொல்லக் காரணம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தபோது அக்காவின் மகன் எங்கள் வாசலில் காத்திருந்தான். நாலாம் வகுப்பிலிருந்து நான் டியூஷன் எடுத்த பையன். இப்போது ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலை. காபி வேண்டாம் என்றான். எங்கள் வீட்டில் அவன் காபி வேண்டாம் என்று சொன்னதே இல்லை. ஏதோ வந்திருக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஆன்ட்டி, வீட்ட இடிச்சிட்டுப் புதுசா கட்டலாம்னு இருக்கோம்."

"எந்த வீட்டை?"

"எங்க வீட்டத்தான்."

"உங்க வீடுன்னு தனியா ஒண்ணு எங்கடா இருக்கு? ஒரு தளம், ஒரு அஸ்திவாரம். பாதி தோசைய மட்டும் திருப்பிப் போட முடியுமா?"

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தான். மனையை ரோடு மட்டத்துக்கும் மேலே மண் கொட்டி உயர்த்துவது. கீழே கார் நிறுத்த இடம், மேலே இரண்டு மாடி. அம்மாவுக்கு முதல் மாடி, அவன் குடும்பத்துக்கு இரண்டாவது மாடி. அம்மாவின் முழங்காலுக்காக லிஃப்ட். "நீங்களும் சேர்ந்துட்டா இன்னும் நல்லது ஆன்ட்டி. ரெண்டு பக்கத்தையும் சேர்த்து இடிச்சிட்டு ஃபிளாட்டா கட்டிரலாம்னு பில்டர் சொல்றாரு. உங்களுக்கும் மேல ஒரு வீடு வரும். கட்டி முடிக்கிற வரைக்கும் வெளிய வாடகைக்கு இருக்கணும், அவ்வளவுதான்."

வீட்டைத் தூக்கிவிடலாமே என்றேன். எங்கள் பக்கம் அது சாதாரணம். அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து, அங்குலம் அங்குலமாக வீட்டையே உயர்த்திவிடுவார்கள். அவன் தலையாட்டியிருக்க வேண்டும். குரல் பக்கவாட்டில் போய் வந்தது. "விசாரிச்சேன் ஆன்ட்டி. தூக்கினா ரெண்டையும் சேர்த்துத்தான் தூக்க முடியுமாம். இவ்வளவு பழைய வீட்டத் தூக்கி என்ன பண்றது? அம்மா ஒரு தடவ தண்ணில மாட்டிக்கிட்டாங்க. இன்னொரு தடவ என்னால அத தாங்க முடியாது."

அவன் அநியாயமாக எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். அநியாயம் என்றால் சண்டை போடலாம். பெற்ற தாயைத் தண்ணீரிலிருந்து காப்பாற்ற நினைப்பவனோடு எப்படிச் சண்டை போடுவது?

என் கணவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மேகம் கறுத்தால் அரிசி மூட்டையையும் பத்திரங்களையும் பரணில் ஏற்றி ஏற்றி அவருக்கு அலுத்துவிட்டது. "ஊரோட ஒத்துப் போயிடலாமே" என்றார். "போய்ப் பாப்போம்" என்று கோவிலம்பாக்கத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு என்னை அழைத்துப்போனார். ஆட்டோவில் போகிற வழியெல்லாம் நல்ல காற்று, நல்ல தண்ணீர், பக்கத்திலேயே கடை என்று அந்த வீட்டின் பெருமைகளைப் பாடிக்கொண்டே வந்தார்.

வீட்டைக் காட்டிய பெண்ணும் அவரும் பால்கனிக்குப் போய்த் தண்ணீர் எத்தனை நேரம் வரும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கூடத்தின் நடுவில் நின்றேன். சாமான் இல்லாத வீடு. குரல்கள் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே மாதிரி திரும்பி வந்தன. வலது கையை நீட்டினேன். ஒன்றுமில்லை. ஓரடி எடுத்து வைத்து மறுபடி நீட்டினேன். ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு சுவர் கிடைத்தது. புதுப் பெயின்ட், கண்ணாடி போல வழவழப்பு. ஆணி இல்லை, உப்பல் இல்லை, அது என்னிடம் எதுவும் சொல்லவில்லை. வந்த கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பிள்ளைகள் நாற்பது பேரை ஒரே அதட்டலில் உட்கார வைத்தவள், அந்த நடுக்கூடத்தில் நின்று, "என்னங்க, என்னங்க" என்று கத்தினேன். அவர் ஓடிவந்து கையைப் பிடித்தார். அந்தப் பெண், "பாவம்" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் சொல்லிவிட்டேன். "நான் இந்த வீட்ட விட்டு வரமாட்டேன். இங்க நான் நடந்து பாத்ரூம் போறேன். அங்க நீங்க என்ன மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போய் வைக்கணும். நான் மூட்டை ஆகறதுக்கு முன்னாடி செத்துப்போறேன்." பல்லாவரம் வந்ததும் அவர், "அப்படின்னா அவன் இடிக்கட்டும், நாம பாதியில இருப்போம்" என்றார். அவர் குரலில் கோபமும் இல்லை, சம்மதமும் இல்லை.

பாதியில் இருப்பது அத்தனை எளிதில்லை என்பது அடுத்த வாரம் தெரிந்தது. பில்டர் அனுப்பிய இளம் இன்ஜினியர் ஒருவர் வந்தார். நடையில் நின்று, என் உப்பலுக்குப் பக்கத்தில் டிரில்லிங் மிஷினை வைத்தார். அது விர்ரென்று போய் உடனே ஓய்ந்துவிட்டது. அந்தப் பக்கம் அக்கா வீட்டில் ஏதோ விழுந்தது.

"அங்கிள், இது ஒன்பது இஞ்ச் சுவர் இல்ல. நாலரை இஞ்ச். ரூமுக்கு நடுவுல தடுப்புக்குப் போடற சுவர். இதுமேலதான் ரெண்டு பக்கத் தளமும் உக்காந்திருக்கு."

"இருக்காதுப்பா, ஒன்பதுதான்" என்றார் என் கணவர். முப்பது வருடத்துக்கு மேலாக, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தச் சுவரைத் தட்டிக் காட்டி, 'ஒன்பது இஞ்ச், யானை முட்டினாலும் அசையாது' என்று சொல்லி வந்தவர். இன்ஜினியர் துளையிட்ட கம்பியை உருவி, அது போன ஆழத்தை அவர் கையில் கொடுத்துக் காட்டியிருக்க வேண்டும்.

பிறகு என் கணவர் தானாகவே சொன்னார். சுவருக்கான இடத்தை யார் மனையிலிருந்து எடுப்பது என்று அப்போது பேச்சு வந்ததாம். 'என் பக்கம் எடுத்துக்கோ' என்று இவர். 'சேச்சே, என் பக்கம் எடுத்துக்கோ' என்று அக்காவின் கணவர். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து நாலு வாரம் முடிவே எடுக்கவில்லை. ஆபீஸ் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கட்டட வேலையைப் பார்க்க வருவார்கள். ஐந்தாவது ஞாயிறு வந்து பார்த்தால் சுவர் எழும்பிப் பூச்சும் முடிந்திருந்தது. "'சார், உங்க ரெண்டு பேருக்கும் நஷ்டமில்லாம போட்டுட்டேன்'னு மேஸ்திரி சொன்னான். நாங்க ரொம்ப சந்தோஷப்பட்டு அவனுக்கு டீ, வடை வாங்கிக் குடுத்தோம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உலகத்தில் மனைக்காக வெட்டிக்கொண்டவர்கள் உண்டு. மரியாதைக்காகச் சுவரை மெலிய வைத்தவர்கள் இந்த இரண்டு பேராகத்தான் இருப்பார்கள். அந்தப் பக்கத்தை இடித்தால் இந்தச் சுவர் தனியாக நிற்காது, முதுகுக்கு ஒரு ஒன்பது இஞ்ச் சுவர் கட்டாயம் வேண்டும் என்றார் இன்ஜினியர். அதை எங்கள் வீட்டுக்கு உள்பக்கமே கட்டிவிடலாம் என்றும் சொன்னார்.

உள்பக்கம் கட்டினால் நடை இன்னும் குறுகி, ஆள் பக்கவாட்டில் நடக்கவேண்டும். குளியலறைக் கதவை வேறு இடத்தில் வைக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, என் சுவர் புதிய சுவருக்குப் பின்னால் மறைந்துவிடும். ஆணி, உப்பல், சூடு எல்லாம் உள்ளே புதைந்துவிடும். கோவிலம்பாக்கம் என் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அப்படியானால் அவர்கள் மனையில் கட்டட்டும் என்றேன். அப்படிக் கட்டினால் கார் திரும்பாது என்று பில்டர் மறுத்துவிட்டதாக அக்காவின் மகன் போனில் சொன்னான்.

இருதலைக் கொள்ளி எறும்பு என்று பாடத்தில் படித்தபோது அது எறும்பைப் பற்றியது என்றுதான் நினைத்தேன். சேர்ந்து இடித்தால் வீடு போகும். சேராவிட்டால் சுவர் போகும். விற்றுவிட்டுப் போகலாம் என்றால் பள்ளத்தில் நிற்கும் பாதி வீட்டை எந்த மகராசன் வாங்குவான்? உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்று ஊரில் சொல்வார்கள். சொன்னவன் என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். பகலெல்லாம் அந்த நடையில் போவதும் வருவதுமாக இருந்தேன். மூடிய டப்பாவுக்குள் விழுந்த கரப்பான் மாதிரி ஓரம் ஓரமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

இதில் எனக்கு அதிகம் வலித்தது வேறு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அக்கா தட்டவில்லை. காலையில் சுவர் சுடும். அவள் அங்கே நிற்கிறாள் என்று தெரியும். தட்டுச் சத்தம் வராது. நானும் தட்டவில்லை. வீட்டை இடிக்கப் போகிறவள் அவள், முதலில் தட்டவேண்டியதும் அவள்தானே என்று எனக்கு வீம்பு. என் கணவர் கரண்டியைக் கையில் கொடுத்தே பார்த்தார். வாங்கிக் குழம்பைக் கிண்டினேன்.

ஒரு நாள் காலை, சுவரில் கையை வைத்து அந்தச் சூட்டை உணர்ந்ததும் எங்கிருந்தோ கோபம் பொங்கிவிட்டது. கரண்டியை எடுத்துச் சுவரில் போட்டு அடித்தேன். இரண்டு தட்டோடு நிறுத்தவில்லை. கை ஓயும்வரை அடித்தேன். அந்தப் பக்கம் டம்ளர்கள் வரிசையாக விழுந்து உருண்டன. கொஞ்ச நேரத்தில் பின்கட்டில் செருப்புச் சத்தம், முழங்கால் வலிக்காரி இழுத்து இழுத்து நடக்கும் சத்தம்.

"ஏண்டி டீச்சர், ஆளு வெக்காம செவுத்த நீயே இடிச்சிருவியா?"

"இடிச்சா என்ன? உனக்கு வேலை மிச்சம்."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. "என்மேல கோவமா?" என்றாள்.

"ஆமா. ஏன் தட்டலை?"

"எந்த மூஞ்சிய வெச்சிகினு தட்டறது?" என்றாள். பிறகு மெதுவாகப் பேசினாள். "இந்த வூடு எனக்கு வேணாம்டி. நெஜமா சொல்றேன். புள்ள என்ன கட்டாயப்படுத்தல, நான்தான் கட்டிக் குடுன்னு கேட்டேன். மானம் இருட்டினா எனக்குப் பயம் புடிச்சிக்குது. அன்னைக்கி ஸ்டூல் மேல குந்திகினு இருந்தப்ப நீ தட்டினதாலதான் எனக்கு உசுரு இருந்துச்சு. ஆனா தண்ணி நிக்கலியே. நாம தட்டத் தட்ட அதும்பாட்டுக்கு ஏறிகினே இருந்துச்சு."

நான் அவள் கையைத் தேடிப் பிடித்தேன். "எனக்கு உன்ன மாதிரி பயம் இல்லக்கா. எனக்கு வேற பயம். வா, காட்டறேன்" என்று எழுப்பினேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொள்ள, அவள் உள்ளங்கையைச் சுவரில் வைத்து நடத்திக் கூட்டிப்போனேன். இது ஆணி, கூடம் முடிஞ்சிடுச்சு. இது உப்பல், எதிர்ல பாத்ரூம். இந்தக் கீறல் வெள்ளத்துல வந்தது, இதுக்கு நேரா என் கட்டில். சமையலறைக்குத் திரும்பி வந்து அந்தச் சூட்டில் அவள் கையை அழுத்தினேன். "இது என்னன்னு தெரியுதா? உன் அடுப்பு. இத வெச்சித்தான் நான் காபி போடறேன்."

அவள் கையை அங்கிருந்து எடுக்கவே இல்லை. "அய்யய்யோ, சோறு பொங்கிடுச்சு போல" என்று கடைசியில் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனாள்.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவும் மகனும் சண்டை போட்டது எங்களுக்கு அப்படியே கேட்டது. நாலரை இஞ்ச் அல்லவா, வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. "கார் திரும்பலன்னா தெருவுல நிறுத்து. இல்ல, காரே வேணாம், பஸ்ஸுல போ. செவுரு நம்ம பக்கம்தான் கட்டணும். ஒத்துக்கலன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்." மகன் ஏதோ முனகினான். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. மறுநாள் காலை சுவரில் இரண்டு தட்டு விழுந்தது. நான் கரண்டியைத் தேடக்கூட நேரமில்லாமல் விரல் முட்டியாலேயே பதிலுக்குத் தட்டினேன். ஜெயித்துவிட்டோம் என்று என் கணவரைக் கட்டிக்கொண்டேன்.

அக்கா சாமான்களோடு கூடுவாஞ்சேரிக்குப் போனாள். இடிக்கும் ஆட்கள் வந்தார்கள். தளத்தை நடுவில் மிஷின் வைத்து அறுத்தபோது பல் கூசும் சத்தம் வீடு முழுக்க அதிர்ந்தது. "யம்மா, உள்ள யாராச்சும் கீறீங்களா? இந்தாண்ட லேசா ஆடும், வெளிய வந்து குந்துங்க" என்று இடிக்கும் மேஸ்திரி குரல் கொடுத்தார். நான் முகத்தில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். சாப்பிட்ட சோற்றிலெல்லாம் சிமென்ட் தூசி. அக்காவின் கூடம், அக்காவின் பூஜை அலமாரி, அக்காவின் அடுப்படி என்று எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொள்ளாமல் இருக்கத்தான் முடியவில்லை.

பிறகு சில நாள் அந்தப் பக்கம் வெட்டவெளி. மத்தியான வெயில் நேராக அடித்து என் சுவர் முழுக்கச் சூடாகிவிட்டது. கூடம் எது, சமையலறை எது என்று சூட்டை வைத்துச் சொல்ல முடியாமல் முட்டிக்கொண்டேன். அதற்குள் கொத்தனார்கள் வந்து அந்தப் பக்கம் ஒன்பது இஞ்ச் சுவரை எழுப்பினார்கள். அக்காவின் மகன் சொன்ன சொல் தவறவில்லை. ஒரு செங்கல்கூட என் வீட்டுக்குள் வரவில்லை. ஆணி அதன் இடத்தில் இருக்கிறது. உப்பல் அதன் இடத்தில் இருக்கிறது. கோவிலம்பாக்கத்துக் கூடத்தில் நின்று கத்தியவள் இன்றைக்கும் தன் வீட்டில் தானே நடந்து தானே குளிக்கிறாள்.

கேட்டது கிடைத்துவிட்டது. இனி நான் குறை சொல்லக்கூடாது. ஆனாலும் சொல்கிறேன். அவர்கள் மனையை உயர்த்திய மண் சுவருக்கு அந்தப் பக்கம் இடுப்பளவு நிற்கிறது என்கிறார் அவர். ஒரு பக்கம் உயர்ந்த தெரு, ஒரு பக்கம் உயர்ந்த மனை, நடுவில் நாங்கள் தட்டின் அடியில் மிச்சமான ரசம் மாதிரி இருக்கிறோம். வாசலில் அவர் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புக் கட்டிவிட்டார். வெளியே போவதென்றால் அதைத் தாண்டிக் காலை வீசவேண்டும். எனக்கு முடியவில்லை. அதனால் சர்ச்சுக்குப் போவதும் குறைந்துவிட்டது. வீட்டுக்குள் எங்கு வேண்டுமானாலும் போவேன். வீட்டை விட்டுத்தான் எங்கும் போவதில்லை. மழைச் சத்தம் கேட்டால் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு, உள்ளே வரும் தண்ணீரை இறைக்க வாங்கி வைத்த மோட்டார் ஓடுமா என்று காதைத் தீட்டிக்கொள்கிறோம்.

புதுவீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று என்னைத் தடுப்புக்கு மேல் தூக்கி, மாடிப்படி ஏற்றிக் கூட்டிப்போனார்கள். அக்கா எனக்குத் தன் சமையலறையைத் தொட்டுக் காட்டினாள். கிரானைட் மேடை, தெருவைப் பார்த்த ஜன்னல். என் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டேன். "கீழ, பின்னாடிடி" என்றாள். லிஃப்ட் இன்னும் வரவில்லை. அதற்கு விட்ட இடத்தில் சைக்கிளும் மிஞ்சிய சிமென்ட் மூட்டைகளும் இருக்கின்றன. அக்காவால் அந்தப் படிகளில் இறங்க முடியாது. மழைக்குப் பயந்து மேலே போனவள் மேலேயே இருக்கிறாள். நான் கீழேயே இருக்கிறேன்.

காலையில் எழுந்ததும் இப்போதும் சமையலறைக்குப் போய்ச் சுவரில் கையை வைக்கிறேன். சில்லென்று இருக்கிறது. நாலரையும் ஒன்பதும் சேர்ந்த கனத்துக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அந்த ஒன்பதை வாயைத் திறந்து கேட்டு வாங்கியவள் நான்தான்.

நேற்றுக் காலை அக்கா போன் பண்ணினாள். "எழுந்துட்டேன்டி. தடிய வெச்சித் தரையில ரெண்டு தட்டுத் தட்டினேன். உனக்குக் கேட்டுச்சா?"

அவள் தரைக்குக் கீழே கார் நிற்கும் இடம்தான் இருக்கிறது. என் கணவர் பேப்பர் படிப்பதை நிறுத்திவிட்டு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார்.

"கேட்டுச்சுக்கா" என்றேன். "நானும் தட்டினேனே?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றாள் அக்கா.